புல்தரைக்குப் புல் வாங்கும் முன்

நர்சரியில் "லான் போடப் புல் வேணும்" என்றால் கையிருப்பில் உள்ளதைத்தான் ஏற்றி அனுப்புவார்கள். பெயரும் கடைக்குக் கடை மாறும். அதனால் கோவையில் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ஒரு கொத்தைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பாருங்கள்.

கதிர் இருந்தால் சுலபம். ஒரே இடத்திலிருந்து மூன்று முதல் ஆறு விரல் விரிந்தாற்போல் இருந்தால் அருகு. பெர்முடா என்று விற்பதும் இதுதான், அல்லது இதன் கலப்பினம். கொரியன் புல்லில் கிளை கிடையாது, ஒற்றைக் கதிர். இலை அகன்று, கதிர் தடித்து, விதை உள்ளே புதைந்திருந்தால் செயின்ட் அகஸ்டின். கதிர் இல்லையா? படர்ந்து ஓடும் தண்டைப் பாருங்கள். அருகும் கொரியனும் மண்ணுக்கு மேலேயும் கீழேயும் ஓடும். செயின்ட் அகஸ்டின் மேலே மட்டும்தான் படரும். பூச்செடிப் பாத்தியை ஒட்டி அருகு போட்டால் செங்கல் வரிசைக்கு அடியில் நுழைந்துவிடும்.

அடுத்தது வெயில். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் அருகு போடாதீர்கள், மெலிந்து சொட்டையாகிவிடும். வேப்பமர ஓரத்துக்கு செயின்ட் அகஸ்டின் தாங்கும். நல்ல வெயிலும் பிள்ளைகள் ஓடியாடும் வாசலும் இருந்தால் என் ஓட்டு அருகுக்குத்தான். மிதிபட்டாலும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். கொரியன் அழகுதான், ஆனால் பரவ நாளாகும். அதில் மெல்லிய இலை ரகம் வெட்டாமல் விட்டால் மேடு மேடாக எழும்பும். ஊட்டிக் குளிரில் இந்தப் புற்களெல்லாம் பழுப்பேறி உறங்கும். சமவெளியில் அந்தக் கவலை இல்லை.

இனி கோரை. புல்தரையைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். தண்டை இரு விரலுக்கிடையில் உருட்டினால் மூன்று முனை தட்டுப்படும், புல்லின் தண்டு அப்படியிருக்காது. இழுத்தால் தழை மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கும். ஆகவே சித்திரையிலேயே ஒரு அடி ஆழம் கொத்திக் கிழங்கைப் பொறுக்குங்கள். தண்ணீர் விடுங்கள், முளைத்ததைக் கிழங்கோடு தோண்டுங்கள், மறுபடி தண்ணீர். இரண்டு மூன்று முறை இதைச் செய்யாமல் புல் நட விடமாட்டேன். பிறகு மட்கிய தொழுவுரம் கலந்து, மழைநீர் சுவரில் தேங்காதபடி வாசல் பக்கம் லேசாகச் சரித்து மட்டம் செய்யுங்கள்.

ஆடியில் நடலாம். பாயாக விரித்தால் உடனே பச்சை, செலவு அதிகம். வேர் உள்ள துண்டுகளை நாலு அங்குல இடைவெளியில் ஊன்றினால் அருகு தானே மூடிக்கொள்ளும். வேர் பிடிக்கும்வரை மண் காயக்கூடாது. அதன்பின் தினமும் தெளிக்காமல், இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுங்கள். யூரியா போடுவதானால் 100 சதுர மீட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டாமல், ஈரமில்லாத இலைமேல் தூவி, உடனே நன்றாக நீர் விடுங்கள்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அருகை ஒன்றரை அங்குலத்தில் வைக்கலாம், செயின்ட் அகஸ்டினுக்கு மூன்று அங்குலம் வேண்டும்.