எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைச் சிதையாமல் பிரித்தெடுக்க

வயலெலி, வீட்டெலி, பெருச்சாளி எதுவானாலும் மூன்று சோடிப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கிட்டத்தட்ட ஒரே பாங்கில்தான் அமைந்திருக்கும். கத்தி பிடிக்கத் தெரிந்தவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: பக்கத்தில் இருக்கும் வேறொன்றைச் சுரப்பி என்று எடுத்துவிடுவார்கள்.

பொறியில் பிடித்த எலி, கூண்டில் வளர்ந்த ஆய்வக எலி அல்ல. சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவும் மயிருக்குள் தெள்ளும் உண்ணியும் இருப்பதாகவே கொண்டு, இரட்டைக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உடலை 70% ஆல்கஹாலில் நனைத்தால் மயிர் படிந்துவிடும், பறந்து வந்து சுரப்பியில் ஒட்டாது. பொறியில் இரவே செத்துக் கிடந்த எலி திசு ஆய்வுக்கு உதவாது. சுரப்பிச் செல்கள் வெகு சீக்கிரம் சிதைந்துவிடும். உயிர் போன அரை மணிக்குள் வேலையை முடிக்கப் பாருங்கள்.

எலியை மல்லாத்தி, மார்பெலும்பின் மேல்முனையிலிருந்து தாடை நுனிவரை நடுக்கோட்டில் தோலை மட்டும் கத்தரியுங்கள். தோலை இடுக்கியால் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சுரப்பி தோலுக்கு நேர் கீழேயே இருக்கிறது. பக்கவாட்டில் ஓடும் வெளிக்கழுத்துச் சிரை அறுபட்டால் இரத்தம் பரவி, நிறத்தை வைத்து எதையும் அடையாளம் காண முடியாது.

முதலில் கண்ணில் படுவது கீழ்த்தாடைச் சுரப்பி: நீள்வட்டமாக, இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். அதன் முன்பக்க வெளிவிளிம்பில் சிறிதாக ஒட்டியிருப்பது நாவடிச் சுரப்பி. இரண்டுக்கும் ஒரே உறை. பிய்க்காமல் சேர்த்தே எடுங்கள், பதப்படுத்திய பிறகு பிரிப்பது எளிது. அதற்கும் முன்னால் அவரை விதைபோல் வழுவழுப்பாக இருப்பவை நிணநீர்க் கணுக்கள். உற்றுப் பார்த்தால் சுரப்பியில் சின்னச் சின்ன மடல்கள் தெரியும், கணுவில் தெரியாது.

கன்னச் சுரப்பிதான் சிரமம். காதடியிலிருந்து தோள்வரை மெலிதாகப் பரவி, கொழுப்போடு கலந்து கிடக்கும். சந்தேகமான துண்டைச் சலைனில் (உப்புநீர்க் கரைசலில்) போடுங்கள்: கொழுப்பு மிதக்கும், சுரப்பி அமிழும். காதுக்குக் கீழே, சற்று முன்னால், தனி உறையோடு தட்டையாக இருப்பதைத் தொடாதீர்கள். அது கண்ணீர்ச் சுரப்பி. கன்னச் சுரப்பி என்று தவறாக எடுக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். ஐயம் தீராவிட்டால் நாளத்தைத் தேடுங்கள். மெல்லும் தசையின் மேல் முக நரம்புக் கிளைகளோடு சேர்ந்து வாயை நோக்கிப் போகும் வெண்ணிற இழை கன்னச் சுரப்பியுடையது.

எடுத்ததை நசுக்காமல், திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு 10% நடுநிலை ஃபார்மலினில் 24 மணி நேரம் வைத்து, பிறகு 70% ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். சீட்டில் பால் (ஆணா, பெண்ணா), எடை, இறந்த நேரத்தோடு, பொறியில் வைத்த இரையைத் தின்றிருந்ததா என்பதையும் அவசியம் எழுதுங்கள். தின்ற எலியின் கன்னச் சுரப்பி தன் நொதித் துகள்களை வெளியேற்றிவிட்டிருக்கும். அதை நோயென்று படிக்கும் ஆபத்து உண்டு. சுண்டெலியில் பாலைக் குறிப்பது இன்னும் முக்கியம், ஆணின் கீழ்த்தாடைச் சுரப்பி பெண்ணுடையதைவிடப் பெரியது.