ஃபிட் அண்ட் ஃப்ளேர் கவுன்: அளவெடுப்பது முதல் அணிவது வரை

தோளிலிருந்து இடுப்பு வரை உடலோடு பொருந்தி, இடுப்பிலிருந்து கீழே விரிந்து விழும் உடையைத்தான் ஃபிட் அண்ட் ஃப்ளேர் கவுன் என்கிறோம். எந்த உடல்வாகுக்கும் இது எடுப்பாக இருக்கும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அதை நம்பி வாங்கியவர்களில் பலர், கண்ணாடியில் அந்த எடுப்பைக் காணாதபோது, குறை தங்கள் உடலில்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது அதுதான். இந்த உடையின் அழகு முழுவதும் மேல்பகுதியையும் பாவாடையையும் இணைக்கும் இடுப்புத் தையலைச் சார்ந்திருக்கிறது. அது உங்கள் உடலில் சரியான இடத்தில் அமராவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த துணியாலும் ஈடுகட்ட முடியாது. ஆகவே நிறத்தையும் பூ வேலைப்பாட்டையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, இன்ச் டேப்பிலிருந்து தொடங்குவோம்.

படி 1: உங்கள் இடுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கால்சட்டையின் பொத்தான் போடும் இடம்தான் இடுப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த உடைக்குத் தேவையான இடுப்பு பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. மெல்லிய உள்ளாடைக்கு மேல் ஒரு குறுகிய எலாஸ்டிக் நாடாவை வயிற்றைச் சுற்றிக் கட்டி, இடப்பக்கமும் வலப்பக்கமும் சில முறை வளைந்து நிமிருங்கள். நாடா தானாக நகர்ந்து, உடல் மடியும் இடத்தில் வந்து நிற்கும். அதுதான் உங்கள் இயல்பான இடுப்பு. நாடாவை அவிழ்க்காமல், மார்பின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு, நாடா நிற்கும் இடத்தின் சுற்றளவு, தையற்காரர்கள் சீட் என்று சொல்லும் பின்புறத்தின் பருத்த இடத்துச் சுற்றளவு ஆகிய மூன்றையும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். டேப் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளக்கக் கூடாது.

இவற்றோடு இரண்டு நெட்டளவுகளும் அவசியம். கழுத்தும் தோளும் சேரும் புள்ளியிலிருந்து மார்பின் மீதாக நாடா வரை உள்ள முன்நீளம் ஒன்று. பின்கழுத்தில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து நாடா வரை உள்ள பின்நீளம் மற்றொன்று. கடைகளின் அளவு அட்டவணைகள் பெரும்பாலும் சுற்றளவுகளோடு நின்றுவிடுவதால், இந்த இரண்டையும் நாமே அறிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரே மார்பளவும் ஒரே இடுப்பளவும் கொண்ட இருவருக்கு முன்நீளத்தில் சில சென்டிமீட்டர் வேறுபாடு இருப்பது சாதாரணம். ஒருவருக்குக் கச்சிதமாக அமரும் கவுன் மற்றவருக்கு விலா எலும்பின் மீது ஏறி நிற்பதற்கு அந்த வேறுபாடே காரணம்.

படி 2: மேல்பகுதியை முதலில் பாருங்கள்

மார்புக்கு ஓர் அளவும் இடுப்புக்கு வேறோர் அளவும் பொருந்துகிறது என்றால், மார்புக்கும் தோளுக்கும் பொருந்தும் அளவையே வாங்குங்கள். இடுப்பைப் பக்கத் தையலில் பிடித்துச் சிறிதாக்குவது எளிய வேலை. தோளைக் குறைப்பதற்கோ கையைப் பிரித்து மறுபடி பொருத்த வேண்டும், அக்குள் வளைவையும் திருத்த வேண்டும். அதற்கு ஆகும் கூலியும் நேரமும் அதிகம். அப்படியும் பழைய ஒழுங்கு திரும்பும் என்று சொல்ல முடியாது.

இழுபடாத நெய்த துணியானால், உடையின் அளவு உங்கள் மார்பளவைவிடச் சுமார் 5 செ.மீ. கூடுதலாகவும், இடுப்பளவைவிட 2 முதல் 3 செ.மீ. கூடுதலாகவும் இருந்தால் மூச்சுவிடவும் உட்காரவும் இடம் கிடைக்கும். பனியன் துணிபோல் இழுபடும் பின்னல் துணிக்கு இந்தக் கூடுதல் வேண்டியதில்லை.

மேல்பகுதிக்கு வடிவம் தருபவை டார்ட்டும் பிரின்சஸ் கட்டும். டார்ட் என்பது துணியைக் கூம்பாகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு. அதன் நுனி மார்பின் உச்சியை நோக்கியிருக்க வேண்டும், ஆனால் உச்சிக்கு 2 அல்லது 3 செ.மீ. முன்பே முடிந்துவிட வேண்டும். உச்சியைத் தாண்டிச் செல்லும் டார்ட் அந்த இடத்தில் துணியைக் கூராக நிற்க வைக்கும். பிரின்சஸ் கட்டில் தோளிலிருந்தோ அக்குளிலிருந்தோ புறப்படும் நீண்ட தையல் மார்பின் மீதாக இடுப்புக்கு இறங்குகிறது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். நீளவாக்கில் ஓடும் அந்தத் தையல்களில் எங்கு வேண்டுமானாலும் சற்றுப் பிடிக்கலாம். உள்ளே துணி விட்டிருந்தால் சற்றுத் தளர்த்தவும் செய்யலாம். ஆகவே வாங்கும் முன் உடையை உட்புறம் வெளியே திருப்பி, தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். விளிம்பை ஒட்டித் தைத்து ஓவர்லாக் அடித்திருந்தால், அந்த உடையைச் சிறிதாக்கலாமே தவிரப் பெரிதாக்க முடியாது.

படி 3: விரிவு எவ்வளவு வேண்டும் என்று முடிவெடுங்கள்

பாவாடையின் விரிவு இரண்டு வழிகளில் கிடைக்கிறது. குடை வெட்டு எனப்படும் முறையில் துணியை வளைவாக வெட்டுவது ஒன்று. இடுப்பில் சுருக்கியோ கொசுவம் வைத்தோ துணியைச் சேர்ப்பது மற்றொன்று. குடை வெட்டில் இடுப்பில் துணி குவிவதில்லை, ஓரத்தில் மட்டும் அலையாக விழுகிறது. ஆகவே வயிறும் சீட்டும் அகன்றவர்களுக்கு அது மிகவும் ஏற்றது. ஒடுங்கிய உடல்வாகு கொண்டு, இடுப்புக்குக் கீழே சற்றுப் பருமன் தெரிய வேண்டும் என்று விரும்புபவர்களுக்குச் சுருக்கமோ பெட்டிக் கொசுவமோ அந்தத் தோற்றத்தைத் தரும்.

குடை வெட்டின் கணக்கு எளியது. முழுவட்டப் பாவாடையின் ஓரச்சுற்று, இடுப்புச்சுற்றோடு நீளத்தின் 6.28 மடங்கைக் கூட்டினால் வருவது, அரைவட்டத்துக்கு 3.14 மடங்கு, கால்வட்டத்துக்கு 1.57 மடங்கு. இடுப்பு 75 செ.மீ., பாவாடையின் நீளம் 55 செ.மீ. என்று கொண்டால், முழுவட்டத்தின் ஓரம் சுமார் 420 செ.மீ. வரும், அரைவட்டத்தின் ஓரம் 248 செ.மீ. அளவில் நிற்கும். கடையில் சுருக்கமில்லாத ஒரு கவுனைப் பார்க்கும்போது, ஓரத்தின் வளைவை ஒட்டி டேப்பை வைத்து அளந்து, அதிலிருந்து இடுப்புச்சுற்றைக் கழித்து, மிச்சத்தைப் பாவாடையின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 6 ஐ ஒட்டி வந்தால் முழுவட்டம், 3 ஐ ஒட்டி வந்தால் அரைவட்டம். இணையத்தில் வாங்குபவர்கள், விற்பவர் ஓரச்சுற்றைக் குறிப்பிட்டிருந்தால், இதே கணக்கைக் கொண்டு படத்தில் தெரியும் விரிவு உண்மைதானா என்று சரிபார்க்கலாம். மாடல் சுழன்று நிற்கும் படத்தில் எந்தப் பாவாடையும் பெரிதாகத்தான் தெரியும்.

அன்றாடம் அலுவலகம் செல்லவும் பேருந்தில் ஏறி இறங்கவும் அணிவதற்கு அரைவட்டமே போதும் என்பது என் உறுதியான கருத்து. முழுவட்டத்தைக் காற்று எளிதில் தூக்கிவிடும். நாற்காலியில் அமரும்போது அதன் துணியை ஒதுக்கி வைக்கவே ஒரு கை வேண்டும். அது விழாக்களுக்கு உரியது.

இத்தனை துணியை ஓர் உடையில் செலவிடுவது ஒரு காலத்தில் பெரும் சர்ச்சையாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் தமது முதல் ஆடைத் தொகுப்பை வெளியிட்டு, ஒடுங்கிய இடுப்பையும் பரந்த பாவாடையையும் மறுபடி நாகரிகமாக்கினார். ஹார்பர்ஸ் பஜார் இதழின் ஆசிரியர் கார்மல் ஸ்னோ அதைப் புதிய தோற்றம் என்று வியந்ததால் நியூ லுக் என்ற பெயர் நிலைத்தது. போர்க்காலத்துத் துணிப் பங்கீடு பிரிட்டனில் 1949 வரை நீடித்த நிலையில், பல மீட்டர் துணியை விழுங்கும் அந்தப் பாவாடைகளுக்கு எதிர்ப்பும் கிளம்பியது. இன்று கடைகளில் தொங்கும் பெரும்பாலான ஃபிட் அண்ட் ஃப்ளேர் உடைகளில் அந்த வடிவத்தின் சாயலைக் காணலாம்.

படி 4: துணி

விரிவு எப்படி நிற்கும் என்பதைத் துணியே முடிவு செய்கிறது. பாப்ளின், டஃபெட்டா, கனத்த சாட்டின் போன்ற விறைப்பான துணிகள் உடலை விட்டு விலகி மணி வடிவில் நிற்கும். ரேயான், கிரேப், ஜார்ஜெட் போன்றவை நேராகக் கீழே விழுந்து, நடக்கும்போது மட்டும் அசையும். தொடையை ஒட்டித் துணி படிவதை விரும்பாதவர்கள் முதல் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். உயரம் குறைந்தவர்களுக்கு மிக விறைப்பான துணி அகலத்தைக் கூட்டிக் காட்டும். அவர்களுக்கு நடுத்தரக் கனமுள்ள கிரேப் நன்றாக அமையும்.

குடை வெட்டில் துணியின் சில பகுதிகள் நெசவு இழைகளுக்குச் சாய்வாக விழுவதால், அந்த இடங்கள் நாளடைவில் தொங்கி நீளும். நீங்களே தைப்பதாகவோ தைக்கக் கொடுப்பதாகவோ இருந்தால், பாவாடையை இடுப்போடு இணைத்த பிறகு ஓர் இரவாவது தொங்கவிட்டு, அதன்பிறகு தரையிலிருந்து சம உயரத்தில் குறித்து ஓரம் மடிக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்த்தால், சில நாள்களில் பக்கவாட்டில் ஓரம் ஏறி இறங்கித் தெரியும்.

படி 5: கழுத்து, கை, நீளம்

அகன்ற தோளுக்கு வி கழுத்தும், குறுகிய தோளுக்குப் படகுக் கழுத்தும் பொதுவாக ஏற்றவை. கை வைப்பது உங்கள் விருப்பம். அக்குள் வளைவு மிகத் தாழ்ந்திருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை, ஏனெனில் தாழ்ந்த அக்குள் கையை உயர்த்தும்போது கவுனையே மேலே தூக்கிவிடும். நீளத்துக்குக் கண்ணாடிதான் வழிகாட்டி. ஒரு போர்வையை இடுப்பில் பிடித்து, அதன் கீழ் விளிம்பை மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். கால் ஒடுங்கும் இடத்தில் ஓரம் முடிந்தால் கால் நீளமாகத் தெரியும். கெண்டைச் சதையின் பருத்த இடத்தில் முடிந்தால் குட்டையாகத் தெரியும். பெரும்பாலோருக்கு முழங்காலை ஒட்டியோ, கெண்டைச் சதைக்குக் கீழேயோ நல்ல இடம் அமையும்.

படி 6: அணிந்து பார்க்கும்போது

அந்த உடையோடு அணியவிருக்கும் உள்ளாடையையும் காலணியையும் எடுத்துச் செல்லுங்கள். மார்பின் உச்சி உள்ளாடைக்கு ஏற்ப ஏறி இறங்கும் என்பதால், டார்ட் சரியாக இருக்கிறதா என்பதை வேறோர் உள்ளாடையில் பார்த்துப் பயனில்லை.

முன்புறக் கண்ணாடியைவிடப் பக்கவாட்டுத் தோற்றமே இங்கே அதிகம் சொல்லும். பக்கவாட்டில் நின்று இடுப்புத் தையலைப் பாருங்கள்: அது தரைக்கு இணையாக ஓட வேண்டும். முன்பக்கம் மேலேறி, பாவாடையின் முன் ஓரமும் அதோடு தூக்கிக்கொண்டிருந்தால், உங்கள் மார்புக்கு வேண்டிய முன்நீளம் அந்த உடையில் இல்லை. பெரிய அளவை எடுத்தாலும் இது முழுமையாகத் தீராது. வேறு வெட்டு உள்ள கவுனைத் தேடுவதே நல்லது. மார்பின் பக்கத்திலிருந்து தோளை நோக்கிச் சாய்ந்த வரிகள் இழுத்தால் மார்பில் துணி போதவில்லை. முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே துணி கிடைமட்டமாக மடிந்து சேர்ந்தால், பின்நீளம் உங்களுக்கு அதிகம், அல்லது கீழே சீட்டில் பிடித்துக்கொண்டு உடை இறங்க மறுக்கிறது. சீட்டில் கைவைத்துத் துணி தளர்வாக இருக்கிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்து இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துங்கள். தையல் சற்று மேலேறுவது இயல்பு. கைகளை இறக்கியதும் அது தானாகப் பழைய இடத்துக்கு வர வேண்டும். பின்னர் உட்கார்ந்து பாருங்கள். உட்காரும்போது இடுப்பும் வயிறும் அகலும், ஆகவே நிற்கும்போது கச்சிதமாக இருந்த ஜிப் உட்கார்ந்ததும் நெளிந்து புடைத்தால் இடுப்பு இறுக்கம் என்று பொருள்.

வயிறு சற்று முன்தள்ளியிருப்பவர்கள், தையல் இயல்பான இடுப்புக்கு ஒரு விரலகலம் மேலே அமைந்து, முன்புறம் சமமாகவும் சுருக்கங்கள் பக்கவாட்டில் மட்டும் உள்ளதாகவும் பார்த்து எடுத்தால் மிக அழகாக இருக்கும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அவர்களில் பலர் இந்த வகை உடை தங்களுக்கு உரியதல்ல என்று தாங்களே ஒதுங்கிவிடுவதுதான்.

படி 7: அணியும் முறை

பெல்ட் அணிவதானால் அது இடுப்புத் தையலை மறைத்து அதன் மீதே அமர வேண்டும். தையல் ஓரிடத்திலும் பெல்ட் ஓரிடத்திலும் இருந்தால் உடலில் இரண்டு இடுப்புகள் தெரியும். மேலுடல் குட்டையானவர்கள் 2 அல்லது 3 செ.மீ. அகலமுள்ள, உடையின் நிறத்தையே கொண்ட பெல்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம். மேலுடல் நீண்டவர்களுக்கு அகன்ற பெல்ட்டும் மாறுபட்ட நிறமும் பொருந்தும்.

மேலே அணியும் ஜாக்கெட்டோ கார்டிகனோ இடுப்புத் தையலோடு முடிய வேண்டும். சீட் வரை நீளும் ஜாக்கெட், விரிவு தொடங்கும் இடத்தை மூடி உடையின் வடிவத்தையே மறைத்துவிடுகிறது. குளிருக்கு நீண்ட கோட் வேண்டுமானால், பாவாடையின் ஓரத்தையும் தாண்டி இறங்கும் கோட்டாக இருக்கட்டும்.

மெல்லிய துணிக்கு லைனிங் இல்லாவிட்டால் வழுக்கும் தன்மையுள்ள உள்பாவாடை அணியுங்கள். துணி காலில் ஒட்டாது. விழாவுக்கு விரிவு கூட வேண்டுமானால் கேன்கேன் எனும் விறைப்பான வலை உள்பாவாடை உதவும், ஆனால் அது கவுனைவிட ஓரிரு விரலகலம் குட்டையாக இருக்க வேண்டும், அதன் வலை தொடங்கும் இடமும் இடுப்பிலிருந்து சற்றுக் கீழே இருக்க வேண்டும். குறுக்காக மாட்டும் பை, பாவாடையின் ஒரு பக்கத்தை அழுத்திக் கசக்கிவிடுவதால், இந்த உடையோடு கையில் பிடிக்கும் பையே ஏற்றது.

அணிந்த பிறகு, நெய்த துணியாலான கவுனை இடுப்புப் பட்டியின் உட்புறம் தைத்திருக்கும் நாடாக்களைக் கொண்டு ஹேங்கரில் மாட்டினால், பாவாடையின் எடை தோளை இழுக்காது. பின்னல் துணிக் கவுனை ஹேங்கரில் விடாமல், இடுப்புத் தையலில் ஒருமுறை மடித்து அலமாரித் தட்டில் கிடத்தி வையுங்கள்.