கடல்நீரின் அடர்த்தி: அடிக்கடி நடக்கும் தவறுகள்

கடல் என்று பேச்சு வந்தாலும் "4 டிகிரியில்தான் தண்ணீர் அதிகக் கனம்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது நன்னீரின் கணக்கு. உப்பு கூடக் கூட, நீர் அதிகக் கனமாகும் அந்த உச்ச வெப்பநிலை கீழே இறங்கும்; உறைநிலையும் இறங்கும், ஆனால் மெதுவாக. கிலோவுக்கு 24.7 கிராம் உப்பைத் தாண்டினால், உச்சத்தைத் தொடும் முன்பே நீர் உறைந்துவிடும். சராசரிக் கடல்நீரில் 35 கிராம் உப்பு. எனவே சுமார் −1.9 டிகிரியில் உறையும்வரை அது கனத்துக்கொண்டே போகும். (35 என்பது ஆயிரத்துக்கு; 35 சதவீதம் என்று எழுதாதீர்கள்.)

அப்புறம், வகுப்பில் செய்யும் கண்ணாடித் தொட்டிச் சோதனை. குழாய்த் தண்ணீருக்குள் நீல மை கலந்த உப்புநீரை மெல்ல ஊற்றுகிறோம். சூடாக இருந்தாலும் அது அடியில் போய் நீலப் பட்டையாகப் படிந்துவிடும். பார்க்க அழகுதான். ஆனால், "உப்பு அதிகமென்றால் மூழ்கும்" என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது; எனக்கு இதுதான் பெரிய கவலை. தொட்டியில் உப்பின் வித்தியாசம் 0-க்கும் 35-க்கும். திறந்த கடலிலோ பெரும்பாலும் 33-க்கும் 37-க்கும் நடுவில்தான். அட்லாண்டிக்கின் வெப்பப் பகுதிகளில் 37 கிராம் உப்புள்ள நீர், உப்பு குறைந்த குளிர்ந்த ஆழ்நீரின் மேல் மிதக்கிறது. அங்கே முடிவு செய்வது வெப்பம்.

சரி, அப்படியானால் எப்போதும் வெப்பம்தானா? இல்லை. 35 கிராம் உப்புள்ள நீரை 30-லிருந்து 29 டிகிரிக்குக் குளிர்வித்தால் கனமீட்டருக்குச் சுமார் 0.33 கிலோ கூடும். 1-லிருந்து 0-க்குக் கொண்டுபோனால் 0.05 கிலோதான். ஒரு கிராம் உப்பு கூடினாலோ எங்கும் சுமார் முக்கால் கிலோ கூடும். அதனால்தான் துருவக் கடல்களில் உப்பின் கை ஓங்குகிறது: பனி உறையும்போது வெளியே தள்ளும் உப்பே கீழுள்ள நீரைக் கனமாக்கி ஆழத்துக்கு இறக்குகிறது. டிகிரிக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் இது பிடிபடாது.

கலவையின் அடர்த்திக்குச் சராசரி எடுப்பதும் இதே தவறுதான். 35 கிராம் உப்புள்ள 0 டிகிரி நீர் கனமீட்டருக்கு 1028.1, 20 டிகிரி நீர் 1024.8, சராசரி 1026.4 கிலோ. இரண்டையும் சமமாகக் கலந்தால் வரும் 10 டிகிரி நீரோ சுமார் 1027.0 கிலோ.