வட்டத்தில் ஆட வைக்கும்போது செய்யக்கூடாதவை

போன மாதம் புதிய பயிற்சியாளர்கள் இரண்டு பேர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கும்மி வகுப்பு எடுத்தார்கள். பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். பேசிக்கொள்ளாத இரண்டு தெருக்களின் பிள்ளைகளை ஒரே வட்டத்தில் ஆட வைத்து, ஒருவர்மேல் ஒருவருக்கு அக்கறை வர வைப்பதற்கான வகுப்பு அது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்தார்கள். தண்ணீர், நிழல், ஸ்பீக்கர் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

தாளம் தப்பும் பிள்ளையை ஓரங்கட்டுவது

என் முதல் வகுப்புகளில் ஒரு பையன் இருந்தான். எல்லோர் கையும் ஒன்றாகத் தட்டி முடித்த பிறகு, தனியாக ஒரு 'டப்' கேட்கும். அது அவன் கை. "தம்பி, நீ கொஞ்சம் உட்கார்ந்து பாரு, அப்புறம் சேர்ந்துக்கலாம்" என்றேன். சுவரோரம் உட்கார்ந்து கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். மறுநாள் அவன் வட்டத்துக்குள் வந்தபோது பக்கத்துப் பிள்ளை சொன்னது: "இவன் வேணாம்க்கா, கெடுத்துடுவான்." அந்த எண்ணத்தை அவர்கள் மனதில் போட்டது நான்தான். மூன்றாம் நாள் அவன் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

அமெரிக்க நடனக் கலைஞர் மரியன் சேஸ் 1942-ல் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் நடனத்தைக் கொண்டு வேலை செய்யத் தொடங்கினார். யாரோடும் பேசாத நோயாளி உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடினால், அந்த அசைவைத்தான் சேஸ் முதலில் தன் உடம்பில் வாங்கிக்கொள்வார். ஆட்டம் அங்கிருந்துதான் தொடங்கும். இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பையனின் 'டப்'புக்கு வட்டம் முழுக்க இறங்கி வந்திருக்க வேண்டும். பாட்டை நிறுத்தி, "இப்ப எல்லாரும் இவன் தட்டுற மாதிரி தட்டுவோம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறேன். அதற்கு நாலு சுற்றுகூட ஆகாது.

போன மாதம் நடந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது. கால் தடுமாறிய ஒரு பெண்ணிடம், "நீ செல்போன்ல பாட்டு போடும்மா" என்று வேலை கொடுத்து அனுப்பினார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் அவள் ஒன்றரை மணி நேரமும் வட்டத்துக்கு வெளியேதான் நின்றாள்.

ஒரே ஸ்டெப்புக்கு அடம்பிடிப்பது

தாளம் சேர்ந்தால் போதும், ஸ்டெப் ஒன்றாக இருக்க வேண்டாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 14 மாதக் குழந்தைகளைத் தூக்கி வைத்துப் பாட்டுக்கு ஆட்டினார்கள். எதிரில் ஒருவர் அதே தாளத்தில் ஆடினார். பிறகு அவர் கீழே தவறவிட்ட பொருளை, தாளம் சேராமல் ஆட்டப்பட்ட குழந்தைகளைவிட அந்தக் குழந்தைகள் கூடுதலாக எடுத்துக் கொடுத்தன. குழந்தை மேலே போகும்போது அவர் கீழே இறங்கினாலும் அப்படியேதான் நடந்தது. 2014-ல் வந்த ஆய்வு இது. ஆகவே ஒருவர் குனிய, ஒருவர் நிமிரட்டும், விடுங்கள்.

கண்ணாடி விளையாட்டில் வேகம்

ஒருவர் செய்வதை எதிரில் நிற்பவர் கண்ணாடி மாதிரி அப்படியே செய்கிற விளையாட்டு இது. மெதுவாக. இன்னும் மெதுவாக.

கை கோக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது

வேண்டாம். கோலாட்டக் குச்சியைக் கொடுங்கள். முதல் நாளைக்குக் குச்சியும் குச்சியும் தொட்டால் போதும்.

முடிந்ததும் 'என்ன ஃபீல் பண்ணீங்க?'

மைக்கை நீட்டினால், பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். பத்து நிமிடம் சும்மா விடுங்கள். செருப்பு தேடுகிற இடத்தில் போய் நில்லுங்கள், பேச்சு அங்கேதான் நடக்கும்.