குக்கருக்குத் தண்ணீர்தான் தெரியும்: சின்ன ஸ்டீல் ரைஸ் குக்கரைப் பார்த்து வாங்கவும் பழக்கிக்கொள்ளவும்

ரைஸ் குக்கரின் சுவிட்ச் 'டக்' என்று எழும்பினால் சோறு வெந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். குக்கருக்கு அது தெரியாது. பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தீர்ந்துபோனது மட்டும்தான் அதற்குத் தெரியும். சோறு குழைவது, அரைவேக்காடாக நிற்பது, அடிபிடிப்பது என்று வருகிற தொல்லைகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

உள்பாத்திரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஹீட்டர் தட்டின் நடுவில் ஒரு வட்டப் பொத்தான் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். அதற்குள் ஒரு காந்தமும், காந்தத்தில் ஒட்டக்கூடிய ஃபெரைட் என்ற பொருளின் ஒரு துண்டும் இருக்கின்றன. ஏறக்குறைய 103 டிகிரி சூட்டில் அந்த ஃபெரைட் காந்தத்தில் ஒட்டும் தன்மையை இழந்துவிடும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு விறுவிறுவென்று ஏறும், காந்தம் பிடியை விடும், ஸ்பிரிங் தள்ளும், சுவிட்ச் எழும்பும். சாதாரண ஒற்றை சுவிட்ச் குக்கரில் டைமர் எதுவும் கிடையாது. நாம் ஊற்றுகிற தண்ணீர்தான் டைமர்.

வாங்கும்போது

அட்டைப் பெட்டியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். எது ஸ்டீல் என்று கேளுங்கள். பல மாடல்களில் வெளி உடம்பும் மூடியும்தான் ஸ்டீல். சோறு வேகும் உள்பாத்திரம் அலுமினியம். பெட்டியைப் பிரித்து உள்பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

உள்பாத்திரம் ஸ்டீல்தான் என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது அதன் அடி. ஸ்டீல் துருப்பிடிக்காது, புளிக்கும் எலுமிச்சைக்கும் அஞ்சாது, கோட்டிங் உரியுமோ என்ற பயம் இல்லை. ஆனால் சூட்டைக் கடத்துவதில் அது மகா மந்தம். அலுமினியம் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது. அதனால் ஒற்றைத் தகட்டில் செய்த மெல்லிய பாத்திரத்தில், ஹீட்டர் படும் இடம் மட்டும் கொதித்து அங்கேயே அடிபிடிக்கும். நடுவில் அலுமினியம் வைத்து இருபுறமும் ஸ்டீல் பொதிந்த ட்ரைப்ளை பாத்திரமோ, குறைந்தபட்சம் அடியில் மட்டும் அப்படிப் பொதிந்த கனமான சாண்ட்விச் தட்டு வைத்த பாத்திரமோ வாங்குங்கள். விரல் கணுவால் அடியைத் தட்டினால் மெல்லிய தகடு 'ணங்' என்று நீளமாக ஒலிக்கும். கனத்த அடி 'டொக்' என்று அடங்கிவிடும். பிறகு கண்ணாடி மேசை மேல் வைத்து விளிம்பை அழுத்துங்கள். ஆடினால் அந்தப் பாத்திரம் வேண்டாம்.

காந்தம் வைத்துப் பார்த்து ஸ்டீலின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதி உண்மை. நிக்கல் 8 சதவீதம் உள்ள 304 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரகத்திலும் ஒட்டாது. நல்ல ட்ரைப்ளை பாத்திரங்கள் சிலவற்றில், இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஆகட்டும் என்று வெளித்தகட்டைக் காந்தம் ஒட்டும் ஸ்டீலிலேயே செய்வார்கள். ஆகவே காந்தத்தை விட்டுவிட்டு, பாத்திரத்தில் 304 என்றோ 18/8 என்றோ அச்சு இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவில்தான் நம் ஊரில் பலர் ஏமாறுகிறார்கள். '1 லிட்டர்' என்பது பாத்திரம் விளிம்புவரை கொள்ளும் அளவு. அதில் வேகும் அரிசியின் அளவு அன்று. கொதிக்கும்போது பொங்க இடம் வேண்டும் என்பதால் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்பலாம். குக்கரோடு வரும் கப் 180 மில்லி, நம் பழைய ஆழாக்கை விட ஒரு மடக்குக் கூடுதல். அதில் ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும். தண்ணீர் குறைவாகக் கேட்கும் ஜப்பான், தாய்லாந்து அரிசி என்றால் 1 லிட்டர் குக்கரில் 2 கப் போடலாம். 3 பங்கு தண்ணீர் கேட்கும் நம் புழுங்கலரிசி என்றால் 1 கப்தான் சௌகரியம். அதாவது 1 லிட்டர் குக்கர் இரண்டு பேருக்கு ஒரு வேளை. வீட்டில் நான்கு பேர் என்றால் 1.8 லிட்டர் வாங்குங்கள்.

வாட்டையும் பாருங்கள். 1 லிட்டருக்கு 400 வாட் போதும். அதை 5 ஆம்பியர் பிளக்கிலேயே செருகலாம். மூன்று முள் பிளக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம் இருக்க வேண்டும். வெளி உடம்பும் ஸ்டீல் என்றால் எர்த் இல்லாத சாக்கெட்டில் செருகவே கூடாது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வகையும் கிடைக்கும். 1955-ல் ஜப்பானில் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் தானியங்கி ரைஸ் குக்கர் இரட்டைப் பாத்திர முறையில் வேலை செய்தது: வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகித் தீர்ந்ததும் கரண்ட் நிற்கும். தைவானின் தாதுங் குக்கர் இன்றும் அதே வழியில்தான் ஓடுகிறது. உள்ளே இருக்கும் ஸ்டீல் பாத்திரத்தைச் சுற்றி ஆவி என்பதால் அடிபிடிக்கிற பேச்சே இல்லை. நேரம் மட்டும் கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

தண்ணீர்க் கணக்கு

எல்லாம் அரிசி 1 பங்குக்கு:

பாஸ்மதி, 20 நிமிடம் ஊறியது: 1½
சீரகச் சம்பா, 20 நிமிடம் ஊறியது: 1¾
பொன்னி பச்சரிசி: 2 முதல் 2¼
பொன்னி புழுங்கல், அரை மணி ஊறியது: 3
கைக்குத்தல் அரிசி, 2 மணி ஊறியது: 3 முதல் 3½
சாமை, தினை: 2 முதல் 2½

பழைய அரிசி கொஞ்சம் கூடக் குடிக்கும். புது அரிசிக்குக் கால் பங்கு குறையுங்கள், இல்லாவிட்டால் களியாகிவிடும். முதல் தடவை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள், அடுத்த தடவை இரண்டு மேசைக்கரண்டி கூட்டியோ குறைத்தோ உங்கள் அரிசிக்குச் சரிசெய்துகொள்ளுங்கள்.

சின்ன குக்கரில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆவியாகப் போகிற தண்ணீர் அரிசியின் அளவை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. கொதிக்கிற நேரத்தைப் பொறுத்துத்தான் போகிறது. ஆகவே அரை கப் அரிசி வைக்கிற நாளில் தண்ணீரையும் சரிபாதியாக்கினால் அரிசி வேகும் முன்பே சுவிட்ச் எழும்பிவிடும். பாதிக்கு மேல் இன்னும் கால் கப் சேர்த்து ஊற்றுங்கள். விரல் கணு வைத்து அளப்பதும் இங்கே கைகொடுக்காது. பாத்திரத்தின் அகலம் மாறினால் அந்தக் கணக்கு தப்பும்.

ஒரு கப் புழுங்கலரிசி வைக்கும் முறை

மூன்று தண்ணீர் களைந்து அரை மணி ஊறவிடுங்கள். ஊறின தண்ணீரை வடித்துவிட்டு 3 கப் புதுத் தண்ணீர் அளந்து ஊற்றுங்கள். அரை டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால் நுரை கட்டுப்படும்.

உப்பு போடும் பழக்கம் உண்டென்றால், ஸ்டீல் பாத்திரத்தில் ஆறின தண்ணீரில் கல்லுப்பைப் போடக் கூடாது. கரையாத கல் அடியில் உட்கார்ந்த இடத்தில் ஊசி குத்தினது போல வெண்புள்ளிகள் விழும். அவை கறை அல்ல, உலோகத்தில் விழுந்த குழி. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கொதி வந்தபின் போடுங்கள், அல்லது கரைத்து ஊற்றுங்கள்.

பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை, முக்கியமாக அடியை, துணியால் ஈரம் போகத் துடைத்து உள்ளே இறக்குங்கள். இறக்கியதும் காதைப் பிடித்து இடமும் வலமுமாக ஒரு தடவை திருகிவிடுங்கள். அடி தட்டில் படிந்து உட்காரும். பிறகு சுவிட்சை அழுத்துங்கள்.

400 வாட்டில் 10 நிமிடம் போலக் கொதி வரும். அப்போது மூடியைத் திறந்து, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுவதுபோல ஒரே ஒரு தடவை கிளறி மூடுங்கள். ஸ்டீல் பாத்திரத்துக்கு இது பெரிய வித்தியாசம் தரும். அடியில் படிந்து ஒட்டத் தொடங்கும் மாவு இந்த இடத்தில் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு கிளறினால் சோறு உடையும், ஆகவே தொட வேண்டாம்.

கஞ்சி பொங்கி மேடையில் வழிந்தால், ஒன்று அரிசியைச் சரியாகக் களையவில்லை, அல்லது பாத்திரம் நிறைந்துவிட்டது. அந்த நேரத்துக்கு மூடியின் விளிம்பில் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி ஆவி போக வழிவிடலாம். ஆவி கூடப் போவதால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் சேர்த்துவிடுங்கள்.

30 முதல் 35 நிமிடத்தில் தளதளவென்ற சத்தம் அடங்கி, லேசாகப் படபடவென்று பொரிகிற சத்தம் கேட்கும். தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். சற்று நேரத்தில் சுவிட்ச் எழும்பும். கால் யூனிட் கரண்ட்கூடச் செலவாகியிருக்காது. உடனே திறக்காதீர்கள். 10 முதல் 15 நிமிடம் மூடியே இருக்கட்டும். மேலே நிற்கும் ஆவி இறங்கி அடியில் ஒட்டிய பருக்கையை இளக்கும். திறந்ததும் ஓரத்திலிருந்து கிளறிவிடுங்கள்.

சுவிட்ச் எழும்பியபின் சோற்றைச் சூடாக வைத்திருக்கும் 'வார்ம்' விளக்கை நாள் முழுக்க எரியவிடுவது நல்லதல்ல. அடி காய்ந்து ஸ்டீலோடு ஒட்டிக்கொள்ளும். அதோடு, சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாமல் இருக்கும். சூடு 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாக நின்றால் அவை பெருகும். காலையில் வடித்ததை ராத்திரிவரை குக்கரிலேயே வைத்திருக்காமல், மிஞ்சியதை ஆறவைத்து ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

கஞ்சி வடித்துச் சாப்பிடுகிற வீடுகளில் 1 லிட்டர் குக்கரில் அரை கப் அரிசிக்கு 2½ கப் தண்ணீர் வைத்து, பருக்கையை நசுக்கிப் பார்த்து, வெந்ததும் சுவிட்சைக் கையால் தூக்கிவிட்டு பிளக்கைப் பிடுங்கி வடிக்கலாம். பாத்திரத்தை இடுக்கியால் எடுங்கள், காது பொசுக்கும். வெண்பொங்கலும் நன்றாக வரும்: அரை கப் பச்சரிசி, கால் கப் வறுத்த சிறுபருப்பு, 3 கப் தண்ணீர். தாளிப்பை மட்டும் அடுப்பில் செய்து கடைசியில் கொட்டுங்கள். துவரம்பருப்பை இதில் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்; அதற்கு பிரஷர் குக்கர்தான் சரி.

தாளிப்பைக் குக்கரிலேயே செய்யப் பார்த்தால் சுவிட்ச் அழுத்தினபடி நிற்காது. எண்ணெய் மட்டும் இருக்கும் பாத்திரம் நொடியில் 103 டிகிரியைத் தாண்டிவிடும், காந்தம் விட்டுவிடும். எழும்புகிற சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொள்வதும், அடியில் தீக்குச்சி செருகி நிறுத்துவதும் வீட்டைக் கொளுத்துகிற வேலை.

சரியாக வராதபோது

சுவிட்ச் சீக்கிரம் எழும்பி அரிசி அரைவேக்காடாக நிற்கிறதா? பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு பருக்கை காய்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பாத்திரம் படியாவிட்டால் சூடு தட்டிலேயே தேங்கி நடுப்பொத்தானை ஏமாற்றும். ஒன்றும் இல்லையென்றால் கால் கப் வெந்நீர் தெளித்து, ஐந்து நிமிடம் கழித்துச் சுவிட்சைத் திரும்ப அழுத்துங்கள். சூடு இறங்காமல் அழுத்தினால் நிற்காது.

சுவிட்ச் எழும்பாமல் சோறு கருகுகிறதா? தட்டு ஆறியபின் நடுப்பொத்தானை விரலால் அழுத்திப் பாருங்கள். துள்ளி மேலே வரவேண்டும். வழிந்த கஞ்சி ஓரத்தில் காய்ந்திருந்தால் சிக்கிக்கொள்ளும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தட்டைக் குழாயடியில் காட்டவே கூடாது.

ஒரே அளவில் வைத்தும் சில நாள் வெகுநேரம் ஆகிறதென்றால் வோல்டேஜைச் சந்தேகியுங்கள். 230 வோல்ட்டில் 400 வாட் இழுக்கும் குக்கர் 190 வோல்ட்டில் 270 வாட்தான் இழுக்கும். நேரம் ஒன்றரை மடங்குக்குப் போகும். ஊட்டியில் வேறு கதை: கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அரிசி மெல்ல வேகும், தண்ணீர் முன்னால் தீரும். அங்கே ஒரு மணி நேரம் ஊறவைத்து அரைப் பங்கு தண்ணீர் கூட்டினால்தான் சரியாக வரும்.

அடிபிடித்த பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அரை மணி விட்டால் தானே கழன்று வரும். தேங்காய் நார் போதும். இரும்புக் கம்பிச் சுருள் தேய்த்தால் அதன் துகள் ஒட்டி, ஸ்டீலே துருப்பிடித்தது போலத் தெரியும். உப்புத் தண்ணீர் ஊர்களில் படியும் வெள்ளைப் படலத்துக்கு, புளி கரைத்த தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

விளக்கும் எரியாமல் சூடும் வராமல் குக்கர் ஒரேயடியாக நின்றுவிட்டால், முதலில் வேறொரு சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் பெரும்பாலும் உள்ளே வயரில் கோத்திருக்கும், சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும். விலை சொற்பம், ஆனால் அதில் அச்சடித்திருக்கும் டிகிரியும் ஆம்பியரும் அப்படியே பொருந்துகிற ஃபியூஸைத்தான் மாற்ற வேண்டும். 'ஃபியூஸ் எதற்கு, நேராக வயரைச் சேர்த்துவிடலாம்' என்று சொல்கிற கடையிலிருந்து குக்கரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.