கணையக்காரர்கள் சிகரெட் விஷயத்தில் செய்யும் தவறுகள்

போன வாரம் பினாங்கில் மருந்து வாங்க நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி, முப்பது வயதிருக்கும், பக்கத்துப் பிறை ஊரில் ஃபேக்டரி வேலை. எனக்கு இருக்கும் அதே நாள்பட்ட கணைய அழற்சி; செரிமான நீரும் இன்சுலினும் சுரக்கும் கணையம் புண்பட்டுக்கொண்டே போகும் நோய். "தண்ணிய விட்டு எட்டு மாசமாச்சுண்ணே" என்றார் பெருமையாக. நம்பர் வருவதற்குள் இரண்டு முறை வெளியே போய்விட்டு வந்தார். சட்டையெல்லாம் புகை வாடை. பழைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. எண்ணெய்ப் பலகாரம், பீர் பற்றியெல்லாம் வார்டிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விடுகிறேன்.

தண்ணியை விட்டாச்சே, இது ஒன்று இருக்கட்டும்

நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 2017இல் நான் வார்டில் கிடந்தபோது குடியைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். குடியை விட்டேன். சும்மா இருக்காத கை பத்துக் குச்சியை இருபதாக்கியது. 2019 ஜனவரியில் மலேசியாவில் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்த பிறகும், மாமாக் கடையில் தே தாரேக் டீயை ஆறவிட்டு, மூன்று மீட்டர் தள்ளிச் சாக்கடையோரம் நின்று ஊதினேன். "புகை நுரையீரலுக்குத்தானே போகுது, கணையத்துக்கு என்ன?" என்று வீட்டில் வியாக்கியானம் வேறு.

குடியே தொடாதவருக்கும் சிகரெட் இந்த நோயைக் கொண்டுவரலாம். குச்சி கூடக்கூட ஆபத்தும் கூடும். குடியும் சேர்ந்தால் ஒன்றுக்கு இன்னொன்று தூபம் போடும். ஜெர்மனியின் மன்ஹைம் மருத்துவர்கள் 2007இல் இந்த நோய்க்கான காரணங்களை வரிசைப்படுத்தியபோது மதுவுக்கு அடுத்து நிகோட்டினைத்தான் வைத்தார்கள். புகை கணைய நீரில் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் உப்பைக் குறைக்கிறது. கணையத்தில் கல் படிவதை வேகப்படுத்துகிறது.

எனக்குப் படிந்தது. ஸ்கேன் படத்தில் டாக்டர் பேனா முனையால் காட்டினார்: சாம்பல் நிறத்துக்கு நடுவே கல்லுப்பு சிந்தியது போல வெள்ளை வெள்ளையாக. குடியை விட்டு மூன்று வருஷம் கழித்து எடுத்த படம். மறு வருஷம் இனிப்பு நீர் வந்தது; இப்போது தினமும் இன்சுலின் ஊசி. சிகரெட்டை விட்டதால் படிந்த கல் கரைந்துவிடாது. நோயின் ஆரம்பத்திலேயே விட்டவர்களுக்குக் கல் படிவது குறைவு. எட்டு மாசத் தம்பிமேல் எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

"குறைச்சுட்டேன்"

குறைத்ததை நானும் எண்ணினேன். கடன் வாங்கிய குச்சிகளை எண்ணவில்லை.

வலிக்கு ஒன்று

ஊதினால் வலி அடங்கும் என்று தோன்றும். எனக்கு அடங்கியது கை நடுக்கம்தான்.

வேப்

அந்த மின்சிகரெட்டிலும் பெரும்பாலும் நிகோட்டின்தான்.

தனியாக விட்டுக் காட்டுகிறேன் என்பது

மூன்று முறை முயன்று மூன்று முறையும் தோற்றேன். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்கில், புகைப்பதை நிறுத்துவதற்கென்றே தனியாகப் பார்க்கிறார்கள், போய்க் கேளுங்கள். கணைய நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடுக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். நான் இரண்டு தேதியைத் தவறவிட்டேன், இரண்டு முறையும் மறுபடி முதலிலிருந்து.