சினிமா இதழ் அட்டை: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் பயிற்சிக்காகச் செய்யும் இதழ் அட்டைகளை ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன். நாங்கள் படித்தபோது அடித்த அதே கூத்துதான், மென்பொருள் மட்டும் புதுசு. எழுத்துப்பிழை பற்றியெல்லாம் பேசப்போவதில்லை.

இதழுக்கொரு அட்டை

ஆய்வு என்று பல இதழ்களிலிருந்து ஒவ்வோர் அட்டையை கூகுளில் எடுத்து ஒட்டுகிறார்கள். எது அந்த இதழின் வழக்கம், எது அந்த மாதத்து விதிவிலக்கு என்று இதில் பிடிபடாது. ஒரே இதழின் ஓராண்டு அட்டைகளைத் தரையில் பரப்பிப் பாருங்கள். பழைய தமிழ் இதழ்களுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

தலைக்கு மேல் இடம் விடாதது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சென்ற பருவத்தில் ஒரு மாணவி, நண்பரை நாயகனாக்கி பெசன்ட் நகர் கடற்கரையில் படம் எடுத்து வந்தார். காலை வெளிச்சம், முகம் எல்லாம் பிரமாதம். ஆனால் உச்சந்தலை மேல் விளிம்பில் முட்டுகிறது. போதாததற்கு போனைப் படுக்கவைத்து எடுத்த படம். இதழின் பெயரை எங்கே வைப்பது, நெற்றியிலா? பெயரைச் சிறிதாக்கினார், கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆனது. மென்பொருளில் வானத்தை நீட்டினார், முடியோரம் பிசிறடித்தது. சரி, மறுபடி எடுக்கலாம் என்று கூப்பிட்டால் நண்பர் முடி வெட்டியிருந்தார். உள்பக்கப் படங்களையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று.

நட்சத்திரத்தின் தலை இதழ்ப் பெயரை மறைக்கும் அட்டைகளைக் காட்டி வாதாடுவார்கள். பாதி தெரிந்தாலே வாசகர் கண்டுபிடித்துவிடும் இதழுக்கு அது செல்லும். நேற்றுப் பிறந்த உங்கள் இதழுக்கு ஏது அந்தச் செல்வாக்கு?

படம் எடுக்கும் முன்பே ஏ4 தாளில் பென்சிலால் கட்டம் போடுங்கள்: மேலே கால்பங்கு பெயருக்கு, ஒரு பக்கம் தலைப்புகளுக்கு, கீழ் மூலை பார்கோடுக்கு. அப்புறம் போனை நிமிர்த்திப் பிடித்து, இரண்டடி பின்னால் வாருங்கள். 4000 × 3000 பிக்சல் படத்தைப் படுக்கவைத்து எடுத்தால் உயரத்துக்குக் கிடைப்பது 3000 பிக்சல். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஏ4 அச்சிட உயரத்துக்கு 3508 பிக்சல் வேண்டும்.

படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டாதது

வெட்டும்போது வெள்ளைக்கோடு தெரியும்.

ஆர்ஜிபி கோப்பை அப்படியே அச்சுக்கு அனுப்புவது

ஆர்ஜிபி திரைக்கான வண்ணமுறை. திரையில் பளபளத்த நீலம் தாளில் வராது.

உடையும் தமிழ்

பழைய போட்டோஷாப்பில் 'கெ'யின் கொம்பு பின்னால் போய் நின்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்குங்கள். வேறெங்கோ தட்டச்சு செய்து படமாக ஒட்டினால், கடைசி நேரத் திருத்தத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.